ஆறாவது கண்

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கே வந்துவிட்டேன்.
கொசஸ்தலை ஆற்றுக்கு இன்னும் விடியவில்லை.
அனல்மின் நிலையத்து விளக்குகள்தான் அதில்
தலைகீழாக எரிந்துகொண்டிருந்தன.
நூற்றுச் சொச்சம் போல்ட்.
ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி
அது சொல்வதைக் கேட்க வேண்டும்.
இறுகியது ‘ணங்’ என்னும்.
தளர்ந்தது, பொய் சொல்லத் தெரியாத பிள்ளைபோல
‘டொக்’ என்று ஒத்துக்கொள்ளும்.
இன்று இரண்டு டொக்.
முறுக்கினேன்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல்.
நீராவி அழுத்தம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு
நாலு பக்கம் எழுதியவள்.
நேரில் பார்த்தது இட்லிப் பானையில் மட்டும்.

எட்டு மணிக்குள் கரை நிரம்பிவிட்டது.
முக்காலி போட்ட கேமராக்கள், தோளேறிய குழந்தைகள்,
எர்ணாவூரிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ முழுக்கச் சொந்தபந்தம்.
சுண்டல்காரர் இரண்டாம் தூக்கைத் திறந்தாயிற்று.
எல்லோரும் புகையைப் பார்க்க நின்றார்கள்.
அவர்கள் முதுகுக்குப் பின்னால்
மூன்று புகைபோக்கிகள்
என்றும்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

பச்சைக் கொடியோடு ஆறாவது கண்ணில் ஒதுங்கினேன்.
ஒருத்தி நிற்கிற அளவு இரும்புத் தட்டு.
நேர் கீழே, இடுப்பளவு நீரில் தேசம்மா,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
இரு கையாலும் சேற்றைத் தடவி
இறால் தேடிக்கொண்டிருந்தாள்.
இன்ஜின் வருவதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
சொன்னாலும், ஓதம்தான் அவளுக்கு டைம்டேபிள்.

வந்தது.
முதலில் தண்டவாளத்துக்கு, பிறகு என் உள்ளங்காலுக்கு,
கடைசியில்தான் கண்ணுக்கு.
கறுப்பு. பித்தளைப் பட்டை. நெற்றியில் சாமந்தி மாலை,
ஒரு பக்கம் வெந்து சுருண்டிருந்தது.
பதினைந்து கிலோமீட்டர் வேகம் என்று உத்தரவு.
அது பத்தாகி, ஐந்தாகி,
என் எதிரே வந்து பெருமூச்சு விட்டு
நின்றேவிட்டது.

“பிரஷர் இறங்கிடுச்சுக்கா, பத்து நிமிஷம்”
என்றான் கரி தள்ளுகிற பெரம்பூர்ப் பையன், டெரிக்.
பாதிப் புருவம் கருகியிருந்தது.
பச்சைக் கொடிக்கு நிற்கிற வண்டியை
இன்றுதான் பார்க்கிறேன்.

அப்போது ஒரு அமைதி.
எந்த எக்ஸ்பிரஸும் இந்தப் பாலத்துக்குத் தராதது.
இன்ஜினின் வயிற்றில் தண்ணீர் புரள்வது கேட்டது.
அதற்குத் தாகம், கீழே அத்தனை பெரிய ஆறு,
ஒரு வாளிகூட ஆகாதாம்.
உப்பு, எண்ணெய், சாம்பல்.
குடித்தால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்றான்.
நான் தேசம்மாவின் கால்களை நினைத்தேன்.

பிறகு எதையோ திருகினான்.
கொதிநீர் பீய்ச்சி
ஸ்லீப்பர் இடுக்கு வழியே ஆற்றில் விழுந்தது.
தேசம்மா பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
“எவன்டா மேல?
எறால நான் ஊட்டுக்குப் போயி வேவ வச்சுக்கிறேன்!”
கரையில் யாருக்கும் கேட்கவில்லை.
டெரிக் தலையை நீட்டி
ஆற்றைப் பார்த்து ‘சாரிக்கா’ என்றான்.

முள் ஏறியது. விசில்.
சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது.
கைதட்டல், விசில், யாரோ அழுதார்கள்கூட.
புகை என்னைப் போர்த்தி
ஈரக் கரிவாசத்தோடு விலகியபோது
கொடியில் மூன்று பொத்தல்.
புதுசு கேட்டு எழுத வேண்டும்.
காரணம் என்ற இடத்தில் என்ன போட?

கீழே, தேசம்மாவின் கையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது.
கல்லென்று எறியப்போனவள்
கறுப்பைப் பார்த்துப் பறிக்குள் போட்டாள்.

ஒன்பது பத்துக்குக் கரையில் ஆளில்லை,
சுண்டல் காகிதங்கள் மட்டும்.
ஐம்பத்தெட்டு வேகன், முழுக்க நிலக்கரி,
கடந்து முடிக்க நாலு நிமிஷம்.
யாரும் படமெடுக்கவில்லை.
அதிர்வு அடங்கியதும்
சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
ஏழாவது கண்ணில்
ஒரு டொக்.