கூடாரம் அடித்தவன்

கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில்
பதினெட்டு வயது நான் இருக்கிறேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
முதல் நாள் எடுத்த படம். வரிசை நீளம்,
இரண்டாவது கிளிக்குக்கு யாருக்கும் பொறுமையில்லை.
எதிரே வருகிறவர்கள் முதலில் அட்டையைப் பார்க்கிறார்கள்,
பிறகு என் முகத்தை,
பிறகு மரியாதைக்குச் சிரிக்கிறார்கள்.

ஒஹாயோவில் ஜூன்.
வெதர்லி கல்லூரிப் புல்வெளி
நேற்றுத்தான் முடிவெட்டிக்கொண்டு வந்தாற்போல.
எங்கள் காலத்தில் வெறும் நூலகமாக இருந்தது
இப்போது ஒரு மெத்தை வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.
உள்ளே புத்தகம் குறைவு, சோபா அதிகம்.
படித்துவிட்டுத் தூங்கியது நாங்கள்;
அவர்களாவது நேரடியாக விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

மார்னி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்:
"நாம ஒண்ணா சாப்பிடுவோமே, ஞாபகமிருக்கா?"
இருக்கிறது.
அவள் சாப்பிட்டாள், நான் கழுவினேன்.
சுவரில் ஒரு சதுர ஓட்டை,
அதன் வழியே நகரும் பட்டையில் தட்டுகள் வரும்.
முகம் தெரியாது, மிச்சம் தெரியும்.
ரொட்டியின் விளிம்பை ஒதுக்குகிறவள்,
பீச் பழத்தை ஒரு கடி கடித்து வைக்கிறவள்.
மார்னி பொய் சொல்லவில்லை.
ஒரே பட்டையின் இரண்டு முனைகளில்
நாங்கள் நான்கு வருடம் ஒன்றாகத்தான் இருந்தோம்.

கல்லூரித் தலைவர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்.
"தாய் அழைத்தாள், பிள்ளைகள் வந்தீர்கள்."
கைதட்டல்.
எந்தத் தாய் பாலுக்கு வட்டி போட்டாள்?
கடைசித் தவணையை நான் கட்டியது சென்ற நவம்பரில்,
ஐம்பத்தொன்றாம் வயதில்.
கடன் கம்பெனி வாழ்த்து அனுப்பியிருந்தது,
பலூன் படம் போட்டு.

ஆனாலும்
சோளமும் சோளமும் சோளமுமான இந்த மாவட்டம்
ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தது என்று
எனக்குத் தெரியவந்தது இங்கேதான்.
மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச்
சமையலறைக்கு நடந்தபோது
பனியில் என் பூட்ஸ் கடலடியில் நடந்தது.
அதற்கு என்ன விலை சொல்வது?
அதிகம் வாங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

மூச்சு முட்டியது. கூடாரத்தின் பின்புறம் போனேன்.
ஒருவன் குத்தவைத்து முளை அடித்துக்கொண்டிருந்தான்.
டி-சட்டை முதுகில் கூடாரக் கம்பெனியின் பெயர்.
திரும்பினான்.
ஓரின் ஸ்லாடெக்.
பாறையியல் ஆய்வகத்தில் என் மேசைத் துணை.
மூன்றாம் வருடம் பாதியில்
நானூற்றுப் பன்னிரண்டு டாலர் பாக்கிக்காக
மதிப்பெண் தாளை நிறுத்தி வைத்தார்கள்.
வேறு எங்கும் சேர முடியவில்லை.
கழுத்தில் அட்டை இல்லை.

"மூணடிக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை," என்றான்.
"நேரா அடிச்சா இறங்காது. சாய்ச்சு அடிக்கணும்."
அந்தப் பாடத்தில் எனக்கு பி. அவனுக்கு ஏ.

அவனுக்கும் வருடந்தோறும் கடிதம் வருகிறதாம்:
அன்புள்ள முன்னாள் மாணவரே, தங்களால் இயன்றதை.
தபால்தலைச் செலவே இந்நேரம்
பாக்கியைப் பிடித்திருக்கும் என்று சிரித்தான்.
பிறகு, சுத்தியலை மண்ணில் ஊன்றி,
"போன வருஷக் கூடாரத்துக்கு பில் அனுப்பினேன்.
கடைசியில ஒரு வரி சேர்த்தேன்.
'பாறை: நானூற்றுப் பன்னிரண்டு.'
ஒரு கேள்வி கேக்கல. கட்டிட்டாங்க."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் போடல. கணக்கு முடிஞ்சிருச்சே."

உள்ளே வந்து உட்கார்ந்தேன்.
பந்தியில் உட்கார்ந்தும் கை சும்மா இருக்கவில்லை;
மேசையிலிருந்த எட்டுத் தட்டையும் அடுக்கிவிட்டேன்,
முட்கரண்டிகள் ஒரே பக்கம் பார்க்க.
ஹேர்நெட் போட்ட பெண் பதறி வந்தாள்:
"மேடம், விடுங்க, அது என் வேலை."
விட்டேன்.
அவளுக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

கல்லூரிப் பாட்டு. எல்லோரும் எழுந்தார்கள்.
எழக்கூடாது என்று காரிலேயே முடிவு செய்திருந்தேன்.
எழுந்தேன்.
வாய்க்கு இரண்டாம் பத்திகூடத் தெரிந்திருந்தது.

காற்று கிளம்பித் துணி உப்பியது.
கயிறுகள் இழுபட்டன, எதுவும் பெயரவில்லை.
விலகிய திரையின் இடைவெளியில் ஓரின்,
தோளில் சுத்தியல்,
எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தான்.
உதடுகள் அசைந்தன.

முளைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.