எண்பத்தேழில் ஒன்று

பஹாவ் கடைத்தெருவில்
பல் செட் செய்யும் பூன் ஹுவாட்டிடம்
உடைந்த ஒன்றை எடுத்துப் போனேன்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது யாருடைய பல்?"

பல் இல்லை,
தண்ணீர்த் தொட்டியின் கால்.
முன்பு ஸ்டேஷனில் நின்றதே, அந்தத் தொட்டி.

அவர் சிரிக்கவில்லை.
இருப்பதிலேயே மெல்லிய துளையூசியைத் தேடி எடுத்தார்.
"குறுக்குக் கம்பி மூன்றா, நான்கா?"

அந்த ஊரில் அதுவரை
என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி
"எத்தனை டன்?"
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
பாரத்தோடு ஏறும் லாரி
காலியாய்த் திரும்பி ஏறும்.
முன்னதில் பின்னது போனால் குலை.
அதற்குமேல் பேச்சில்லை.
மாலையில் வாடகை அறை,
பொட்டலத்தில் மீ கோரேங்,
பழைய நாளிதழ்மேல் பிளேடு, பசை, தீக்குச்சி.

பிறகு வியாழன் வந்தது.
பல் பட்டறை மாடியில் நான்கு பேர்,
சில வாரம் ஆறு.
கோப்பிப் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச்
சீப்பின்மேல் வைத்து அழுத்தினால் தகரக்கூரை.
துரு வேண்டுமா? அடியில் மிஞ்சிய கோப்பி ஓ.
ரொஸ்னானி டீச்சர்
பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்து
அறுபது பால்மரம் செய்துவந்தார்,
ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் ஒரு வெட்டு.

பஸ் நிலையத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் பவுனம்மா
எங்களுக்குப் பசியாறக் கொண்டுவந்தவர்
வைத்துவிட்டுப் போகாமல் குனிந்து பார்த்தார்.
"வெட்டு தப்பு, டீச்சர்.
இடப்பக்கம் உசரணும், வலப்பக்கம் இறங்கணும்.
இப்படி வெட்டினா மண்டோர் ஏசுவான்."
அடுத்த வியாழன்
அறுபது மரமும் புதிது.
பவுனம்மாவுக்கு ஒரு நாற்காலியும்.

லயத்து வீட்டுக்கு எத்தனை ஜன்னல்?
போட்டோவில் இரண்டு என்றார் ஹுவாட்.
"போட்டோ பிடிச்ச தொரை உள்ளே வந்தானா?
ஒண்ணுதான் திறக்கும்."
இரண்டு செய்தோம்.
ஒன்றில் பலகை வைத்து அடித்தோம்,
கண்ணுக்குத் தெரியாத ஆணி ஆறு.
குழாயடியில் எட்டு வாளி,
ஒவ்வொன்றும் உளுந்தைவிடச் சிறிது.
ஒன்று மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி.
அது யாருடையது என்று
பவுனம்மா கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து
மின்மீட்டர் பார்க்க மாடியேறிய பையன் கேட்டான்:
"ரயில் எங்கே?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
ரயில் வாங்கியிருக்கவே இல்லை.

ஆளுக்கு நாற்பது வெள்ளி போட்டோம்.
சிரம்பானிலிருந்து வந்த எஞ்சின்
முதல் ஓட்டத்திலேயே
ஸ்டேஷன் கூரையில் முட்டி நின்றது.
"கொஞ்சம் ராவினால் போதும்" என்று
ஹுவாட் எஞ்சினை வாயைத் திறக்கச் சொல்வதுபோல் பார்த்தார்.
கூரையில் கை வைத்தால் இனி வரமாட்டேன் என்றார் டீச்சர்.
வெளியே அடைமழை.
ஒரு குடைகூட இல்லாததால்
யாராலும் கோபித்துக்கொண்டு கிளம்ப முடியவில்லை.
பன்னிரண்டு மணிக்குத்
தண்டவாளத்தை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினோம்.
ரயில் போனது.
ஒரு சுற்று பார்த்துவிட்டு
எல்லோரும் மீண்டும் வாளிகளிடம் திரும்பினோம்.

போன மாதம் எனக்கு டெங்கி.
மூன்று வியாழன் போகவில்லை.
நான்காவது வாரம் படியேறும்போது
கால் இன்னும் நடுங்கியது.
மேசையின் கோடியில்
நான் கேட்காத, யாரும் சொல்லாத ஓர் எடைமேடை.
அதன் பக்கத்தில் அறை, அறைக்குள் மஞ்சள் விளக்கு,
விளக்கடியில் கோடு போட்ட சட்டையில்
இரண்டு செண்டிமீட்டருக்குக் குறைவாய் ஓர் ஆள்.
தொப்பையோடு.

"தொப்பை யார் வைத்தது?"
டீச்சர் மரத்துக்குப் பச்சை தோய்த்தார்.
ஹுவாட்டுக்குத் திடீரென்று காது மந்தம்.
"காய்ச்சலுக்கு முன்னாடி அளவு" என்றார் பவுனம்மா.

யாரும் பார்க்காத நேரம்
பிளேடால் அரை மில்லி சுரண்டிவிட்டேன்.

இந்த வியாழன் போய்ப் பார்த்தால்
திரும்ப வைத்திருக்கிறார்கள்,
பல் பிசினில்,
இனி சுரண்ட முடியாதபடி.