பால் கேட்டவள்

முருகன்குறிச்சி முக்கில் கடை போட்ட புதிதில்
ஃபிளெக்ஸ்காரன் லாத்தே என்பதை
லத்தி என்று அடித்துக் கொடுத்துவிட்டான்.
ஆயுதப்படை மைதானத்து ஏட்டையா
அண்ணாந்து வாசித்துவிட்டுச் சொன்னார்:
"நாங்க சும்மா கொடுக்கதுக்கு
நீ நூத்தி இருவது ரூவா வாங்குதியே தாயி."
கோயில் யானைப்பாகன் பார்ப்பதற்குள்
மாற்றிவிட்டேன்.

இங்கே யாரும் பொருள் கேட்பதில்லை.
காலேஜ் பிள்ளைகளுக்கு லாட்டே.
கோர்ட்டிலிருந்து வருகிற வக்கீலுக்கு 'லாட்டு ஒண்ணு'.
எஸ்பிரஸ்ஸோவை எக்ஸ்பிரஸ் என்று கேட்கிறார்கள்,
ஜங்ஷனில் வண்டி பிடிக்கிற அவசரத்தில்.
மிஷினோடு கோயம்புத்தூரிலிருந்து வந்த பையன்
அளவு சொல்லித் தந்தான்.
அர்த்தம் அவன் பையில் இல்லை.

போன செவ்வாய், தூறலுக்கு ஒதுங்கினாற்போல்
சாம்பல் உடுப்பில் ஒரு சிஸ்டர்.
பலகையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.
"ஒரு லாத்தே. சூடா. சீனி வேண்டாம்."
அந்தத் 'த்'தில் நாக்கு நின்று எழுந்த விதத்தில்
சொல்லுக்குச் சொந்த ஊர் வந்துவிட்டது.

நுரைமேல் இலை வரைந்து கொடுத்தேன்.
ஒரு வாய். தள்ளி வைத்தார்.
"பால்தானே கேட்டேன்? எனக்கு அல்சர்."
"லாத்தேதான் சிஸ்டர் இது."
"லாத்தேன்னா பால்."
"லாத்தேன்னா காபி."

பத்தொன்பது வருஷம் பெருஜியாவில்
ஒரு முதியோர் இல்லம்.
அந்தச் சொல்லைக் கரண்டியில் ஊட்டி
வாயோரம் துடைத்துவிட்ட கை அது.
அங்கே படுக்கைக்குப் படுக்கை
லாத்தே என்று கேட்டதெல்லாம் வெறும் பால்.
முன்னால் காஃபே என்று ஒரு சொல் இருந்ததாம்,
இங்கிலீஷுக்குப் போகிற வழியில்
எங்கோ இறங்கிக்கொண்டது.
காலியான சீட்டில் பால் உட்கார்ந்து
காபியின் டிக்கெட்டைக் காட்டுகிறது.

சொல்லிவிட்டுச் சிரித்தபோதுதான்
பல்மேல் ஏறிய அந்தப் பல்.

"ஏட்டி, அமலியா நீ?"
"பேச்சி!"
ஒன்பது பி. ஜன்னலோர பெஞ்சு.
அமலோற்பவ மேரி.

பேசிக்கொண்டே பலகையில் கீழே இறங்கினாள்.
மாக்கியாட்டோவில் நின்றாள்.
"கறைபட்டதுன்னு அர்த்தம், தெரியுமா?
காபியில ஒரு சொட்டுப் பால்."
"பால் எப்படிட்டி கறையாகும்?"
"கறுப்புல விழுந்தா வேற என்ன?
மெத்தை விரிப்பு அழுக்கானாலும்
அதே மாக்கியாதான் அங்க.
என்னை இம்மாகொலாத்தாம்பாங்க.
அமலோற்பவம்தான். கறையில்லாதவ.
ரெண்டும் ஒரே வேர்..."
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மிஷின் ஆவி விட்டது.

டிசம்பர் எட்டுத் திருவிழாவுக்கு ஒத்திகை.
கெபி முன்னால் வரிசை, எல்லாரும் வெள்ளைப் பாவாடை.
பின்னாலிருந்து ஒருத்தி, உரக்க:
"அமலம்னா அழுக்கில்லாததுன்னு
டீச்சர் சொன்னாங்களே, இது என்னட்டி?"
என் அட்லஸை விரித்து
அவள் முதுகுக்குக் கீழே பிடித்தபடி
வராந்தா முழுக்க ஒட்டி நடந்தேன்.
இத்தாலி எந்தப் பக்கத்தில் இருந்ததோ.
குழாயடியில் நாங்கள் பேசவில்லை.
அப்புறமும் அதைப் பேசியதில்லை,
இப்போதும்.

"அதுல ஒண்ணு போடு" என்றாள்.
"அல்சர்?"
"ஒரு வாய்தானட்டி."

சின்னக் கோப்பை. கறுப்பு.
அவள் பார்க்கப் பார்க்க ஒரு சொட்டு விட்டேன்.
அது கலைகிறவரை காத்திருக்கவில்லை,
வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்போது
குடித்துவிட்டாள்.
மூஞ்சியைச் சுளித்தாள். "கசக்கு."

காசு வாங்கவில்லை.

இன்றைக்குப் பலகையின் அடியில்
சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்:
பால் - இருபது ரூபாய்.
ஏட்டையா வந்தார், வாசித்தார்.
"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தாயி?"
பாலுக்கு என்ன பேர் சொல்ல?
"வெறும் பால்தான் அண்ணாச்சி."
அவர் நம்பவில்லை.