நூற்றுக்கு எத்தனை

ஊத்தான் மெலிந்தாங் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
என் போட்டோஸ்டாட் கடை.
பக்கம் ஒன்றுக்குப் பத்துக் காசு.
பாரம் நிரப்பிக் கொடுத்தால் இரண்டு வெள்ளி.
ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல
இதுவரை விலை வைத்ததில்லை.

நீலாவதி வந்தாள்,
செம்பனைக்கு மருந்தடிக்கும் பூட்ஸோடு.
சொக்சோவுக்கு இரண்டு பிரதி வேண்டுமாம்.
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரித் தாள்.
கண்ணாடியில் கவிழ்க்கும்போது
கடைசி வரியைப் பார்த்துவிட்டேன்.
கட்டி. இடது பக்கம். ஒன்பது மில்லிமீட்டர்.
பிறகு ஒரு 'புரோபப்லி'.
அதற்கும் பிறகுதான்
கெடுதலில்லாதது என்பதற்கான சொல்.

"மிஸ்ஸி 'ஓகே கோட்'டுன்னா.
அந்தக் கோட்டுதான் எனக்குப் புரியல."

ஐந்தாம் படிவத்தில் ஆங்கிலத்துக்கு நான் வாங்கியது சி.
அதை வைத்துக்கொண்டு தேடினேன்.

ஒருவேளை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒருவேளைக்கு உண்டு, மறுவேளைக்கு இல்லை
என்று விழுந்துவிடும் அவள் காதில்.
"அநேகமா" என்றேன்.
சொன்ன பிறகு மனம் அதைப் பிரித்துப் பார்த்தது.
அன், ஏகம். ஒன்றல்லாதது.
ஒன்றல்ல என்றால், இன்னொன்றும் இருக்கிறதா?

"நூத்துக்கு எத்தனை, அதச் சொல்லு."
"நாலு நம்பர் மாதிரி இல்லக்கா,
அது பத்தாயிரத்துல ஒண்ணு.
இது... தொண்ணூறுக்கு மேல."
எங்கிருந்து வந்தது தொண்ணூறு?
தாளில் இல்லை.

இந்தச் சொல் எனக்குப் பழக்கம்தான்.
புது வீடுகள் ஜூனில் தயாராகும் என்று
தோட்ட ஆபீஸ் கடிதம் ஒட்டியபோது
வினைக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது,
இரண்டு பேர் இருக்கையில்
மூன்றாவதாக ஒண்டியவன் போல.
மறு வருஷம், தயாராகாது என்ற கடிதத்தில்
முன்னாலேயே வந்து நின்றது,
சாவுச் சேதி கொண்டுவந்தவன்
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்பது போல.

இந்தத் தாளில் வினையே இல்லை.
உட்காரவும் இடமில்லை, முந்தவும் ஆளில்லை.
சும்மா நிற்கிறது.

"அப்ப ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்"
என்றாள், அவளே.

இருக்கலாம்.
மழைக்குக் கடைக்குள் ஒதுங்குகிறவர்கள்
கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்டால்
தலையைத் தூக்காமல் நான் சொல்வதும் இதுதான்.
இன்றைக்குத் தலையைத் தூக்கிச் சொன்னேன்.
"இருக்கலாம்க்கா."

ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும்.
விரல் விட்டு எண்ணினாள்.
"தைப்பூசத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"
"அநேகமா பின்னால" என்றேன், யோசிக்காமலே.

இருபது காசை மேசையில் வைத்தாள்.
இரண்டாவது பிரதியில் கடைசி வரி மங்கல்.
மை தீர்கிறது போல.
இன்னொன்று எடுத்துத் தருகிறேன் என்றேன்.
அதற்குள் பஸ் வந்துவிட்டது.