வலது கண், ஏழு நிமிடம்

முகவாயை இங்கே வையுங்கள்.
நெற்றி பட்டையில் படட்டும்.
நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, அதை மட்டும் பாருங்கள்.
ஓரத்தில் எங்காவது பொட்டாய் வெளிச்சம் வந்தால்
கண்ணைத் திருப்பாமல் பொத்தானை அழுத்துங்கள்.
இமைக்கலாம். பேசக் கூடாது.

நாளைக்கு இருபது முறை சொல்கிறேன் இதை,
கன்னடத்தில், தமிழில், அரைகுறை உருதுவில்.
சிவாஜிநகர், முதல் மாடி, ஏசி ஒழுகும் இருட்டறை.

இப்போது முனிவெங்கடப்பா.
பி.எம்.டி.சி. ஓட்டுநர், இருபத்தாறு வருடம்.
காக்கிச் சட்டையோடே வந்திருக்கிறார்,
இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டுமாம்.
எனக்கு எல்லாம் தெரிகிறதம்மா,
போன வாரம் அந்தப் பையன்தான்
தாருக்குள்ளிருந்து முளைத்தான், ஸ்கூட்டரோடு.

இடது கண் முடிந்தது.
வெள்ளைக் கிண்ணத்துக்குள் மறுபடி முகம் புதைக்கிறார்.
டிக். டிக்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
என் திரையில் கீழே, இடது ஓரம்,
முன் கண்ணில் கறுத்த அதே இடம்
கறுத்துக்கொண்டு வருகிறது.

இந்த எந்திரத்துக்கு ஒரு குறும்பு.
எந்தக் கண்ணுக்குமே தெரியாத இடம் ஒன்று உண்டு,
அங்கே வேண்டுமென்றே விளக்குப் போடும்.
பார்த்ததையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு
நரம்பு மூளைக்குக் கிளம்பும் வாசல் அது.
வாசலில் மட்டும் பார்வை கிடையாது.
அங்கே அழுத்தினால் கண் நகர்ந்துவிட்டது என்று கணக்கு.
பதினான்கு முறை போட்டது.
ஒருமுறைகூட அவர் அழுத்தவில்லை.
இவ்வளவு நேர்மையாகக் காணாமலிருந்தவரை
இந்த மாதம் நான் பார்க்கவில்லை.

அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
இந்தக் கறுப்பு எங்கேயம்மா இருக்கிறது?
எனக்குக் கறுப்பே தெரிவதில்லையே?

தெரியாது.
மூளை கறுப்பை விட்டுவைக்காது.
பக்கத்துத் தாரை இழுத்துப் பூசிவிடும்,
வெள்ளைக் கோடு போனால் கோட்டை நீட்டிவிடும்.
மாநகராட்சி மாதிரி இல்லை,
குழி இருந்த சுவடே இருக்காது.
இதைக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கி,
டாக்டர் சொல்வார் என்று முடித்தேன்.
தாளை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.
மணி எத்தனை என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில்
மூன்றாவது சீட்டில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு
முன்கண்ணாடியில் ஆடும் சாமந்திச் சரத்தைப் பார்த்தேன்.
அங்கிருந்து மயிரிழை மயிரிழையாய்
பார்வையை இடப்பக்கம் நகர்த்தினேன்.
ஓட்டுநரின் தலை போய்விட்டது.
காலர் இருந்தது. ஸ்டியரிங்கில் கை இருந்தது.
தலை இருந்த இடத்தில்
அல்சூர் ஏரியின் கம்பிவேலி
விட்ட இடம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டென்று கையை எடுத்தேன்.

கண்ணில் தூசியா என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.
ஆமாம் என்றேன்.
துப்பட்டா நுனியைப் பந்தாய்ச் சுருட்டி,
வாய்ச்சூடு ஊதி,
வைத்துக்கொள் என்று நீட்டினாள்.