கேட் போட்டிருக்கு

பி.காம்., இரண்டாம் ஷிப்ட், நம் வருஷத்து
ஐம்பத்தெட்டுப் பேருக்கும்
ஜெனிட்டா எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கல்லூரியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.
மூன்று வருஷமும் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நிற்பாள்.
அப்படி நின்றுதான் ரிஸ்வானா எனக்குத் தோழியானாள்.
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால்
காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு முடியும்வரை
துப்பட்டாவுக்குள் மூச்சுவிட்டோம்.
தாய்மடி என்றெல்லாம் எழுத
என்னால் ஆகாது.

நேற்று மார்க் ஷீட் நகல் வாங்கப் போயிருந்தேன்.
ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் அதே பலகை,
துருப்பிடித்த அதே குண்டூசிகள்.
தேர்வுக் கட்டணம் கட்டாதோர் பட்டியல்.
பதினோரு பெயர்.
ஆளுக்கு ஆயிரத்து நானூற்று எண்பது.
வெள்ளிக்கிழமை கடைசி.
படித்துக்கொண்டே வந்தவள்
பதினோராவது பெயருக்குக் கீழே
என் பெயரைத் தேடினேன்.
பழக்கம்.

ஐந்தாவது செமஸ்டரில் நான் அங்கே இருந்தேன்.
ஐப்பசி. துறைமுகத்தில் புயல் கூண்டை
ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்கள்.
பதினாறு நாள் அப்பா காசிமேட்டை விட்டு நகரவில்லை.
கடைசி நாளுக்கு முந்தின நாள் போய்ப் பார்க்கிறேன்,
என் பெயரின் மேல்
நீல மையில் ஒரு கோடு.
யார் கட்டினது என்று கேட்டேன்.
"கட்டியாச்சு, போம்மா" என்றார்கள்.
போய்விட்டேன்.
அதுவரை சேர்த்திருந்த இருநூற்றுச் சொச்சத்தில்
ரிஸ்வானாவுக்கும் எனக்கும் அத்தோ வாங்கினேன்,
முட்டை போட்டு.

இன்று ராத்திரி பத்துப் பேருக்குப் போன் செய்தேன்.
ஸ்டீபன்ராஜ், பெருங்குடியில் நைட் ஷிப்ட்,
"காலேஜ் நமக்கு இன்னா செஞ்சுது?" என்றான்.
ஒன்றும் செய்யவில்லை, ஸ்டீபா.
மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்தது.
கன்டெய்னர் யார்டில் டோக்கன் எழுதிவிட்டு நீ வர
அந்த ஒரு மணிதான் தோதாக இருந்தது.

"பெரிய பேட்ச்காரங்க போடட்டுமே" என்றாள் யோகலட்சுமி.
போட்டிருக்கிறார்கள், யோகா.
வாசலில் ஆர்ச் பார்த்தாயா?
பளிங்குக் கல், தங்க எழுத்தில் பெயர்கள்.
மழைத் தண்ணீர்
அதற்கு அடியில்தான் நிற்கிறது.

டில்லிபாபுவுக்குக் கடைசியாகத்தான் போட்டேன்.
ஞாபகம் இருக்கிறதா,
எப்போது லேட்டாக வந்தாலும் அவன் சொல்வது?
"கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கு மேடம்."
ரயிலே ஓடாத பந்த் அன்றைக்கும் அதைச் சொன்னான்,
மேடமே சிரித்துவிட்டார்.
இன்றைக்கும் அதே குரல்:
"இந்த மாசம் கேட் போட்டிருக்கு ஜெனி."
பின்னால் யாரோ ஆர்டர் நம்பர் கத்தினார்கள்.
வண்டி டியூ, தங்கச்சி கல்யாணக் கடன்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
சரி என்று வைத்துவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்.
ஆளுக்கு நூற்றைம்பது.
பத்துப் பேர் சேர்ந்தால்
ஒரு பெயர் மேல் கோடு விழும்,
இருபது ரூபாய் மிஞ்சும்.
பளிங்கு கிடையாது, பெயர் கிடையாது.
யார் கட்டினது என்று அந்தப் பிள்ளை கேட்டால்
கட்டியாச்சு, போம்மா.
நன்றிக்காகக் கொடுக்காதீர்கள்.
கடன் என்றும் நினைக்காதீர்கள்,
கடன் என்றால் நான் யாரிடம் போய்த் திருப்புவது,
நீல மையிடமா?

முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால்
மணி இரண்டு பத்து,
போன் வெளிச்சம் போடுகிறது.
டில்லிபாபு. நூற்று முப்பது ரூபாய்.
கூடவே ஒரு வரி:
"ஒரு சைக்கிள் போற அளவுக்குத் தொறந்துட்டாங்க."

இருபது குறைகிறது, அதை நான் போட்டுக்கொள்கிறேன்.
இத்தோடு இரண்டு பெயருக்கு ஆயிற்று.
ஒன்பது பாக்கி.
வெள்ளிக்கிழமை.