கதவுக்காரன் கணக்கு

ஆட்டக்கணக்குப் புத்தகத்தில்
வாசில் ஓலினிக்குக்கு ஒரே வரி:
பதினான்கு பருவங்கள், முப்பத்தொரு கோல்,
தண்டனை ஆயிரத்து நூற்றுப் பதினான்கு நிமிடம்.

பாதி வெளியூர்களில் போயிருக்கும்.
மிச்சம் ஒன்பது மணி பதினேழு நிமிடம்
என் கதவுக்குள்.
நகைப்பட்டறையில் நான் ஊக்கு பற்றவைக்கும்
ஒருநாள் ஷிஃப்டை விடச் சற்றே கூடுதல்.

பிராவிடன்ஸ் அரங்கில் ஆட்டமுள்ள இரவுகளில்
தண்டனைப் பெட்டியின் தாழ்ப்பாள் என் வசம்.
இரவுக்கு இரண்டு டாலர், ஒரு காபி.
குற்றவாளியை உள்ளே விடுவேன், நேரம் முடிந்தால் திறப்பேன்.
சொர்க்கத்தின் வாசலில் நிற்பவருக்கும் இதே வேலைதான்;
அவர் சம்பளம் தெரியாது.

ஐம்பதில் முதல்முறை வந்தபோது
சஸ்காட்சவான் கோதுமை நிறத்தில் முடி,
வாய் நிறையப் பல்.
உட்காரலாமா என்று என்னிடம் கேட்டான்.
ஐம்பத்துமூன்றில் கேட்கவில்லை. பல்லும் நான்கு குறைவு.
ஒவ்வொரு வசந்தத்திலும் கையெழுத்துப் போடுவான்,
அதே சம்பளம்.
பேனா மேலாளருடையது. மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வாராம்.

அப்போதெல்லாம் அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும்
ஒரே பெட்டி, ஒரே பெஞ்சு,
நடுவில் தொப்பை வைத்த ஒரு போலீஸ்காரர்.
ஸ்பிரிங்ஃபீல்டு அணியின் லூசியன் பெர்த்தியோம்
எத்தனை முறை இவனோடு உருண்டு எழுந்து வந்திருப்பான்!
கையுறையை வீசி, சட்டையைத் தலைக்குமேல் இழுத்து,
பனியில் சொட்டச் சொட்டக் குத்திக்கொள்வார்கள்.
உள்ளே வந்தால் துண்டு ஒன்றுதான்.
ஒருவன் மூக்கைத் துடைத்து, மடித்து,
சுத்தமான பக்கத்தை மற்றவனிடம் நீட்டுவான்.

"மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?"
"விட்டது. உன் லாரி வேலை?"
"கோடை முழுக்க பீர்ப் பெட்டி ஏற்றினேன். முதுகு போச்சு."
"அந்த இடதுகைக் குத்து நல்லா இருந்தது."
"தெரியும்."
வெளியே கூட்டம் கம்பிவலையைப் பிடித்து உலுக்கும்,
கொல்லு கொல்லு என்று.
போலீஸ்காரர் பாப்கார்ன் தின்பார்.

ஐம்பத்தாறு ஜனவரியில் பெரிய லீக் கூப்பிட்டது.
பதினோராம் நாள் திரும்பினான்,
சாம்பல் நிற சூட் ஒன்றோடு.
அங்கே பெட்டி எப்படி என்றேன்.
"அதில் உட்காரும் அளவுக்கு
என்னைப் பனியில் விடவே இல்லை."

அறுபத்துமூன்றில் மேலிடத்து உத்தரவு வந்தது:
அணிக்கு ஒரு பெட்டி, தனிக்கதவு.
தச்சர்கள் பெஞ்சை நடுவில் அறுத்தார்கள்.
மரத்தூளைப் பெருக்கியது நான்.

மார்ச்சில் வாசிலை அனுப்பிவிட்டார்கள், அது வேறு.
நான் பிப்ரவரியைச் சொல்கிறேன்.
இருவருக்கும் அன்று வேகமில்லை.
சண்டை பார்ப்பதற்கு
வழுக்கிய இருவர் ஒருவரையொருவர் தாங்கி நின்றதுபோல் இருந்தது.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
லூசியன் அந்தப் பக்கம்.
வாசில் என் பக்கம் வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து,
உட்கார்ந்தவன்
சற்றே நகர்ந்து இடம் விட்டான்.

புருவத்தைத் துடைத்தான். மடித்தான்.
சுத்தமான பக்கம் மேலே தெரிய
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.
பிறகு என்னிடம் தந்து
தடுப்பைக் கண்ணால் காட்டினான்.

எம்பி நீட்டினேன்.
அந்தப் பக்கத்துக் கதவுக்காரன் புதுப் பையன்.
"வேண்டாம் சார்," என்றான்,
"எங்களிடமே துண்டு இருக்கு."